பொன்னியின் பூர்வீகம்

தஞ்சை மண்ணில் பிறந்தவர்களுக்கு நெல் விஷயத்தில் கொஞ்சம் மமதை உண்டு. அரிசி மண்டியில் நின்று ‘பொன்னி’ என்று கேட்கும்போது காவிரியின் பெயரையே சொல்லி வாங்குகிறோம் என்ற நினைப்பு எனக்கு உள்ளூர இருக்கும். அந்த நெல்லின் வம்சாவளியைப் படித்த பிறகு மமதை போய்விடவில்லை. ஆனால் வேறு நிறம் கொண்டுவிட்டது.

பொன்னியின் முன்னோரில் ஒன்று மலேயாவின் மாயாங் எபோஸ் 80. மற்றொன்று தைவானின் தைச்சுங் 65. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1950களில் கட்டாக்கை மையமாகக் கொண்டு நடத்திய கலப்புத் திட்டத்தின் பிள்ளை அது. உரத்தை ஏற்று விளையும் ஜப்பானிகாவையும் நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய இந்திகாவையும் இணைப்பது நோக்கம். எளிய காரியமல்ல, இவ்விரண்டின் சந்ததியில் பெரும்பாலும் மணி பிடிக்காமல் பதராகிவிடும். அத்தனை ஆண்டு உழைப்பில் வயலுக்கு வந்து நிலைத்தவை நான்கே என்பார்கள். ஒன்று, 1965இல் மலேசியாவில் வெளியான மசூரி. அதுவே இங்கு வந்து பொன்னியாயிற்று. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வெள்ளைப் பொன்னி 1986இல் வெளிவந்தது. மற்றொன்று நம் குறுவையை மாற்றிய ஆடுதுறை 27. ஜப்பானின் நோரின் 10க்கும் (கோதுமையில் புகழ்பெற்ற நோரின் 10 வேறு) கிச்சிலிச் சம்பா என்று நம்மவர் அறிந்த ஜி.இ.பி. 24க்கும் பிறந்தது.

மரபணு ஆய்வுகள் இதைவிடப் பழைய கதை ஒன்றைச் சொல்கின்றன. குளநெல் போன்ற காட்டு நெல்லில் மணி முற்றியதும் உதிர்ந்துவிடும். உதிராமல் கதிரில் நின்றால்தானே அரிவாளுக்கு வேலை? அதற்குப் பெரும் காரணம் எஸ்.ஹெச்.4 என்ற மரபணுவில் நேர்ந்த ஒற்றை மாற்றம் என்று 2006இல் கண்டறிந்தார்கள். இந்திகா, ஜப்பானிகா இரண்டிலும் அதே மாற்றம்தான். 2012இல் பின் ஹான் குழுவினர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிர் நெல் வகைகளையும் 446 காட்டு நெல் மாதிரிகளையும் ஒப்பிட்டார்கள். தென்சீனத்தின் முத்து ஆற்றங்கரையில் முதலில் ஜப்பானிகா பயிராகி, அது தெற்கே பரவியபோது அங்கங்கே இருந்த காட்டு நெல்லோடு கலந்தே இந்திகா உருவானது என்பது அவர்கள் முடிவு. கங்கைச் சமவெளியில் தனியாகவும் பயிரிடத் தொடங்கியிருந்தார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் கலப்பு நடந்ததை அவர்களும் மறுப்பதில்லை. கட்டாக்கில் இடுக்கியும் கையுமாக அமர்ந்து செய்ததைக் காற்றும் மனிதரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறார்கள்.

மன்னார்குடிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா பயிரிடும் என் பெரியப்பா மகன் பொன்னியை ‘வந்தேறி நெல்’ என்பார். பழைய விதைகளைத் தேடித் திரட்டிய நெல் ஜெயராமன் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. அந்த விதைகள் காக்கப்பட வேண்டியவை, அவற்றின் குணத்துக்காக. ரத்தத் தூய்மைக்காக என்றால்தான் எனக்கு உறுத்துகிறது. நெல்லிடம் தொடங்கும் அந்தச் சொல் நெல்லோடு நிற்பதில்லை. இதையெல்லாம் தொலைபேசியில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ஜூன் பன்னெண்டாந் தேதி மேட்டூரத் தொறப்பானான்னு ஒன் விஞ்ஞானி யாராச்சும் சொல்றானா?”