இசைத்தட்டும் வஸ்வாஸும்

2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் பழைய இசைத்தட்டுகள் சில எமது இல்லத்தில் உள்ளன. அவற்றை எவ்வளவு தூய்மை செய்தல் வேண்டும்? ஒலிக்கவிடுமுன் மென்தூரிகையால் தூசு நீக்கினால் பெரும்பாலும் போதும். தூசின்மீது முள் ஓடினால் ஒலிவரி தேயும். கைரேகையோ பூஞ்சணமோ படிந்த வினைல் தட்டை மட்டும், நடுக்காகிதம் நனையாமல், காய்ச்சி வடித்த நீரால் வரிகளின் போக்கிலேயே துடைக்கலாம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டிலோ ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

அதன் பின்னும் எஞ்சும் கரகரப்பு பெரும்பாலும் அழுக்கன்று, தேய்மானம். அதனைப் போக்க மேலும் மேலும் துடைப்பது, ஒளுவில் மும்முறை கழுவியும் மனம் ஆறாதவரின் வஸ்வாஸேயாம். கரகரப்பைக் குறையெனக் கண்ட எம் மக்கள், தட்டுகளைக் கழித்துவிடலாம் என்கின்றனர். மர்ஹூமா எம் அன்னையார் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வரிகள் அவை. நாம் இசையவில்லை.