மிலிட்டரி சாமான்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய டிரங்க் ரோடு ஓரத்தில் ஆட்டுக்கல்லில் ஆரம்பித்து ஆயுள் முடிந்த கம்ப்யூட்டர் வரை கிடைக்கும். அங்கே பச்சை நிறத்தில் எதை விரித்து வைத்திருந்தாலும் கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: 'மிலிட்டரி சாமான் சார்!' பை, பூட்ஸ், தண்ணீர் பாட்டில், கம்பளி. அதற்குமேல் பேரம் பேச நமக்கே கூச்சமாகிவிடும். ராணுவத்தில் இருந்த பொருள் என்றால் உழைக்கும், மலிவாகவும் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. இரண்டாம் உலகப் போர் முடிந்து டிஸ்போசலில் வந்த ஜீப்புகளை வருஷக்கணக்கில் ஓட்டிய ஜனங்கள் இல்லையா! (மிலிட்டரி ஓட்டல் என்று போர்டு மாட்டினால் பிரியாணியையும் நம்புகிறோம்.)

துப்பாக்கி அப்படிக் கிடைக்குமா என்று ஒருவர் என்னைக் கேட்டார்.

சேலையூரில் கேம்ப் ரோட்டைத் தாண்டி வீடு. விமானப்படையில் சேர்ந்து, தாம்பரம் தளத்தில் பையன்களுக்கு இன்ஜின் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுத்து, வாரண்ட் ஆபீசராக ரிடையரானவர். எழுபத்து நாலு வயது. மனைவி ரிடையர்ட் டீச்சர். மாடி போர்ஷன் காலி. ராத்திரி கேட் ஆடினால் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களைப் பற்றி பேப்பரில் என்ன வருகிறது என்பது உங்களுக்கும் தெரியும். அந்தப் பக்கத்தை டீச்சரம்மா மடித்து ஒளித்து வைக்கிறார், இவர் தேடி எடுத்துப் படிக்கிறார்.

டெக்ஸாஸில் இருக்கும் மகன் கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறான். டோக்கரேவ். பழைய கம்யூனிஸ்ட் நாட்டு ராணுவம் கழித்துப் போட்டது. முந்நூறு சொச்சம் டாலர். "முதல் துப்பாக்கிக்கு இது போதும்ப்பா. நீங்களும் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க, பாதுகாப்பா இருக்கும்" என்று போனில் யோசனை வேறு.

"ஆர்மியில கழிச்சதை நமக்குக் குடுப்பானா, விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி" என்றார். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு அபிப்பிராயம் நிலவுகிறது. நானும் அதைக் கெடுப்பதில்லை.

அமெரிக்காவில் இது பழைய பழக்கம். சோவியத் யூனியன் கவிழ்ந்த பிறகு கிழக்கு ஐரோப்பாவின் கிடங்குகளிலிருந்து டோக்கரேவ், மக்கரோவ், நாகன்ட் என்று கப்பல் கப்பலாக வந்தன. கெட்டியான கிரீஸில் முக்கி எடுத்த நிலையில் பெட்டிக்குள் இருக்கும். துடைத்தால் பளபளக்கும். மலிவு, முரட்டு உழைப்பு, கொஞ்சம் சரித்திரம். முதல் துப்பாக்கி வாங்குகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

சரித்திரம் கொஞ்சம் அதிகமாகவே ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சுட்டது இத்தாலிய ராணுவம் பயன்படுத்திய வகை பெரெட்டா. 1934ல் செய்தது, கைமாறிக் கைமாறி குவாலியருக்கு வந்து கோட்ஸேயிடம் சேர்ந்தது. 1963ல் கென்னடியைச் சுட்ட துப்பாக்கியும் இத்தாலிய ராணுவம் கழித்ததுதான். தபாலில் வரவழைத்தது, டெலஸ்கோப்போடு 19 டாலர் 95 சென்ட். அதற்குப் பிறகுதான் 1968ல் அமெரிக்கா சட்டம் போட்டு அந்நிய ராணுவச் சரக்கின் இறக்குமதியைத் தடுத்தது. 1984ல் பழம்பொருள் கணக்கில் வருவதற்கு மட்டும் மறுபடி வழிவிட்டது.

நம் ஊரில் கதை தலைகீழ். 1959ம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் ஒரு வினோதமான அளவுகோலை வைத்திருக்கின்றன. துப்பாக்கி பெரிதா சின்னதா என்பதைவிட, அதற்குள் ராணுவத் தோட்டா நுழையுமா என்பதே முக்கியக் கேள்வி. .380, .455, ராணுவத்தின் 9 மில்லிமீட்டர் ஆகிய தோட்டாக்களைச் சுடக்கூடிய எந்தக் கைத்துப்பாக்கியும் 'தடை செய்யப்பட்ட போர்'. (இந்த போர் யுத்தம் இல்லை, குழாயின் துளை அளவு.) ராணுவக் கிடங்கிலிருந்து நாலு தோட்டா வெளியே கசிந்தால்கூட அதைப் போட்டுச் சுட வெளியே துப்பாக்கி இருக்கக்கூடாது என்பதுதான் கணக்கு. வெள்ளைக்காரன் போட்ட கணக்கு, நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். ராணுவ ரைஃபிள் .303 என்பதால் சிவிலியனுக்கு .315 என்று ஒரு தனி அளவையே கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

ஆகவே நம் ராணுவம் இஷாப்பூரில் செய்து இடுப்பில் கட்டிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல், எத்தனை பழசானாலும் சந்தைக்கு வராது. படையினருக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ராணுவம் உபயோகிக்காத மாதிரியாக இருந்து எப்படியோ அதன் கைக்கு வந்துசேர்ந்த ஆயுதங்களை ஜபல்பூர் கிடங்கிலிருந்து அவர்களுக்கு விற்கும் வழக்கம். கிடைப்பது அவரவர் யோகம். இவர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார், "அதெல்லாம் ஆபீசர்ங்க சமாசாரம்ப்பா" என்று கையை உதறிவிட்டார்.

மிச்சம் இருப்பது .32. கான்பூர் ரிவால்வர், கொல்கத்தாவில் செய்யும் 'அஷானி' பிஸ்டல் இந்த வகை. 2014ல் பெண்களுக்காக என்று சொல்லி 'நிர்பீக்' என்ற அரைக் கிலோ ரிவால்வரை வெளியிட்டார்கள். அப்போதே விலை 1 லட்சத்து 22 ஆயிரம். மகனுடைய டோக்கரேவை ரூபாயில் பெருக்கி இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வாரண்ட் ஆபீசர் முகத்தில் ஒரு தேசபக்தனின் வருத்தம் தெரிந்தது. சரி, பழசாக வாங்கலாம் என்றால் அது இன்னும் மோசம். 1980களின் நடுவில் தனியார் கைத்துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனது. அதனால் தாத்தா காலத்து வெப்ளியும் வால்தரும் நகை மாதிரி விலை ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பழசு மலிவு என்ற பல்லாவரம் தத்துவம் இங்கே எடுபடாது.

கிடைத்தாலும் நான் யோசிப்பேன். பழைய துப்பாக்கியில் நம் கண்ணுக்குத் தெரிவது மேல் பாலிஷ். களைத்துப்போன ஸ்பிரிங்கும் தேய்ந்த குழாயும் உள்ளே இருக்கும். சர்ப்ளஸ் தோட்டா இன்னொரு வில்லங்கம். பழைய ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகிக் குழாயில் படியும். சமையல் உப்பின் பங்காளி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், துரு ஏறும். எண்ணெய் போட்டால் போகாது, தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் எண்ணெய். டெக்ஸாஸில் உள்ளவனே சுட்ட அன்றைக்கே இதைச் செய்தாக வேண்டும். கடற்காற்று அடிக்கும் நம்ம பக்கம் ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தரம் பெயின்ட் கேட்கிறது.

"விடுங்க, புதுசு ஒண்ணு வாங்கிடறேன்" என்றார். ஏ-1 படிவம், போலீஸ் விசாரணை, 2016 விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்று. எதற்கும் அவர் அசரவில்லை, முப்பது வருஷம் படிவம் நிரப்பிய கை. பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்றேன். தேர்தல் அறிவித்தால் பொதுவாக ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்றேன். அதுவரை பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த டீச்சரம்மா நிமிர்ந்தார்.

"ஏங்க, திருடன் வந்தா என்ன சொல்லுவீங்க? கொஞ்சம் உட்காருப்பா, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டு பீரோ சாவி எடுத்தாறேன்னா?"

அவர் சிரிக்கவில்லை. "பூட்டாம தலைமாட்டுல வெச்சுக்குவேன்" என்றார்.

"லீவுக்குப் பேத்தி வந்தா?"

இதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குள் வேறு எங்கோ போய் இறங்கிவிட்டது. பேத்திக்கு நாலு வயது. அவள் இருப்பது டெக்ஸாஸில். துப்பாக்கியும் இப்போது அங்கேதான் இருக்கிறது.

அன்று ராத்திரி மகனை வீடியோவில் கூப்பிட்டார். நானும் இருந்தேன். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"அதை எங்கடா வெச்சிருக்கே?"

"எதைப்பா? ஓ, அதுவா... பெட் பக்கத்து டிராயர்ல."

"லோடு பண்ணியா?"

"பண்ணி வெச்சாதானேப்பா அவசரத்துக்கு ஆகும்."

"பூட்டு?"

"கடையில ஒரு கேபிள் லாக் குடுத்தான். கவரைப் பிரிக்கலை."

டோக்கரேவுக்குப் பிறவியிலேயே சேஃப்டி கிடையாது. ரஷ்யாக்காரர்கள் சுத்தியலைப் பாதியில் நிறுத்தும் ஒரு தானத்தோடு விட்டுவிட்டார்கள். அமெரிக்க இறக்குமதிக்காக அப்புறம் ஒரு லீவரைச் சேர்த்தார்கள். இதை மத்தியானம்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் குரல் வாரண்ட் ஆபீசர் குரலாயிற்று.

"போனை அங்க நிறுத்தி வை. மேகசினைக் கழட்டு. ஸ்லைடை இழு. சேம்பர்ல விரலை விட்டுப் பாரு. கண்ணால பார்த்தா பத்தாது, விரலை விடு."

திரையில் ஒரு தோட்டா மெத்தையில் விழுந்து உருண்டது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து அறையில் குழந்தை கார்ட்டூன் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கே போய் இரும்புப் பெட்டி வாங்கு. வாங்கிட்டு எனக்கு போட்டோ அனுப்பு. அதுவரைக்கும் அந்த கேபிளைப் போடு, இப்பவே, நான் பார்க்கறேன்."

இரண்டு நாள் கழித்து போட்டோ வந்தது. நம்பர் அமுக்கித் திறக்கும் கறுப்புப் பெட்டி. கேம்ப் ரோட்டு வீட்டில் கேட்டுக்குப் புதுப் பூட்டும் வாசலில் ஒரு கேமராவும் வந்திருக்கின்றன. மாடி போர்ஷனுக்கு 'டு லெட்' மாட்டியாயிற்று. ஏ-1 படிவம் டி.வி. மேல் இருக்கிறது, பேர் விலாசம் வரை நிரப்பியிருக்கிறார்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு டீச்சரம்மா மகனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார்: "குழந்தை பொறந்த தேதியை நம்பரா வெக்காதேப்பா. அது அவளுக்கே தெரியும்."