அறுந்துட்டு அக்கா

பாவில் ஓர் இழை அறுந்தால் சத்தம் கேட்காது. அங்குலத்துக்கு 48 இழை என்று 48 அங்குல அகலத்தில் பாவு போட்டால் மொத்தம் 2,304 இழை. அதில் ஒன்று போனாலும் தறி தன்பாட்டில் ஓடும், நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும். அறுந்த முனை மட்டும் பக்கத்து இழைகளில் சுற்றிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டை இழுத்து அறுக்கும். கண்டவுடன் தறியை நிறுத்தி, புது நூல்துண்டை முடிந்து, விழுதுக் கண்ணுக்குள்ளாலும் அச்சுப் பல்லுக்குள்ளாலும் எடுத்து, நெய்த துணியில் ஓர் ஊசியைக் குத்தி இறுக்கிவிட்டால் சரி. கை பழகியவளுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. காணாதது போல நெய்துகொண்டு போனால் துணியின் நீளத்துக்கும் ஒரு கோடு விழும்.

நிறுத்துவதா, நெய்துகொண்டு போவதா என்று அந்த நேரத்தில் நெய்கிறவள்தான் முடிவெடுக்கிறாள் என்று பல வருடம் நினைத்திருந்தேன். அதை முதல்நாளே முடிவெடுத்து வைத்திருந்தது நான் என்பது விளங்கப் பெரிய நட்டம் ஒன்று வரவேண்டியிருந்தது.

எங்கள் தறிக்கொட்டில் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், ஆரையம்பதிக்கும் கிரான்குளத்துக்கும் இடையில் இருக்கிறது. 2009இல் இரண்டு தறியோடு தொடங்கினேன். இப்போது ஏழு. நெய்கிற எல்லாருமே பெண்கள். மூன்று பேர் வாவிக்கு அந்தப் பக்கமுள்ள படுவான்கரையிலிருந்து வருகிறார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அவர்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். மழை பெருத்தால் பாதை ஓடாது, தறியும் ஓடாது.

தொழில் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த எழுபதுகளில் அம்மாவின் தறிக்கு ஓய்வே இல்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து மலிவுத் துணி குவிந்ததும், தறியைக் கழற்றி வளையில் கட்டித் தொங்கவிட்டா. அடுத்த வருடம் நவம்பர் 23ஆந் திகதி அடித்த சூறாவளி கூரையோடு அதையும் கொண்டுபோனது. அச்சு ஒன்றுதான் மிஞ்சியது. துருப்பிடித்த அந்த அச்சை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் சுயதொழில் பயிற்சி வகுப்புகளுக்குக் குறைவிருக்கவில்லை. நானும் போனேன். விலை போடுவது, கணக்கெழுதுவது, சந்தை தேடுவது எல்லாம் மூன்று நாளில் சொல்லித் தந்தார்கள். அவற்றில் பலது உண்மையில் உதவியது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை தறியிலிருந்து எழும்பி வந்து “அறுந்துட்டு அக்கா” என்று சொல்லும்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த வகுப்பிலும் வரவில்லை.

அந்தக் காலத்தில் என் முறை எல்லாரும் வைத்திருந்த முறைதான். மீற்றருக்கு இவ்வளவு என்று துண்டுக் கூலி. துணியில் கோடு இருந்தால் கூலியில் வெட்டு. நியாயம்தானே என்று நினைத்தேன். கொழும்புக் கடை ஒன்றுக்கு 60 படுக்கை விரிப்பு அனுப்பினோம், 22 திரும்பி வந்தது. விரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் கோடு. கோடு உள்பக்கம் போகும்படி பார்த்துப் பார்த்து மடித்திருந்தார்கள். கோடு விழுந்ததைவிட அந்த மடிப்புத்தான் எனக்குச் சுட்டது. என் கொட்டிலில், எனக்கு முன்னால் இருந்து, என்னிடமிருந்து மறைத்து மடித்திருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் கத்திய கத்து வாவிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். எல்லாரும் போன பிறகு, எங்களில் மூத்தவ ஒருத்தி மட்டும் நின்றா. “அக்கா, இழை அறுந்துட்டெண்டு சொன்னா உங்கட முகம் மாறுது. அந்த முகத்தப் பாக்கிறத விட நெய்ஞ்சிட்டுப் போறது லேசுகா,” என்றா. பிறகு மெதுவாக, “நிப்பாட்டினா எங்களுக்குக் கூலியும் போகுதுதானே,” என்றா.

அன்று இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அவ சொன்னது சரி. நாளைக்குப் பத்து இழை அறுந்து பத்தையும் முடிந்தால் அரை மணித்தியாலக் கூலி போய்விடும். மறைத்தால் பிடிபட்டால்தான் வெட்டு. நேர்மையாக இருப்பதற்கு நிச்சயமான தண்டனையும், மறைப்பதற்கு அதிர்ஷ்டம் பார்க்கிற வாய்ப்பும் வைத்திருந்தது என்னுடைய கூலிமுறை.

வெட்டை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தறியிலும் ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இழை அறுந்தால் கூப்பிட வேண்டும், முடிந்த பிறகு சீட்டில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. சும்மாவே அறுத்துவிட்டுக் காசு கேட்பார்கள் என்று தெரிந்த முதலாளிகள் எச்சரித்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நல்லாக ஓடுகிற பாவைச் சும்மா நிறுத்தினால் நெய்கிறவளுக்குக் கிடைப்பதைவிட இழப்பது கூட என்கிற அளவுக்குத்தான் முடிச்சுக் கூலியை வைத்திருந்தேன். அந்த அளவைப் பிடிக்க நாலு மாதம் எடுத்தது. முதலில் குறைத்து வைத்தேன், யாரும் கோடே போடவில்லை. பிறகு கூட்டி வைத்தேன், ஒரு தறியில் எண்ணிக்கை எகிறியது. யாரையும் கேள்வி கேட்காமல் கூலியைத்தான் திருத்தினேன்.

நான் எதிர்பார்க்காத பலன் வேறு இடத்தில் வந்தது. ஒரு கிழமை ஏழு தறியில் மூன்றில் மட்டும் சீட்டு நிறையக் கோடு. மூன்றும் ஒரே கட்டு நூலில் ஓடிய பாவு. மருதமுனையில் நூல் தருகிற நானாவிடம் சீட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நூலை விரலில் முறுக்கிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, இது பழைய நூல், எனக்கும் தெரியாம வந்திருக்கு,” என்று மாற்றித் தந்தார். முந்திய காலமென்றால் அந்த நூலின் குற்றத்தை மூன்று பெண்களின் கூலியில் வெட்டியிருப்பேன். இன்னொன்றையும் சீட்டுத்தான் சொல்லித் தந்தது. கச்சான் காற்று வறட்டி எடுக்கிற வைகாசியிலிருந்து ஆவணிவரை எல்லாத் தறியிலும் கோடு கூடும். மாரி பிடித்தால் குறையும். பருத்தி நூலுக்கு ஈரம் பட்டால்தான் பலம். இப்போது கச்சான் காலத்தில் காலையும் பின்னேரமும் தறிக்குக் கீழே ஈரச்சாக்கு விரிக்கிறோம், கஞ்சியையும் கொஞ்சம் மாற்றிப் போடுகிறோம்.

எங்கள் துணி கொழும்புக்குப் போகிற வேன் டொயோட்டா. அந்தக் கம்பனியின் வேர் தறியில் இருக்கிறது என்று பிறகுதான் வாசித்தேன். தச்சரின் மகனான சகிச்சி டொயோடா 1896இல் செய்த விசைத்தறி, ஊடை நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். பின்னால் அவர் செய்த தானியங்கித் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார். அந்தக் கார்த் தொழிற்சாலைகளில் வேலை வரிசை நெடுக ஒரு கயிறு கட்டியிருப்பார்களாம். குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். மேலாள் ஓடிவர வேண்டும், தீராவிட்டால் வரிசையே நிற்கும். வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு பெரிய ஆலையிலும் கடைசித் தொழிலாளியின் கைக்கு நிறுத்துகிற உரிமையைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தறியில் கயிறும் இல்லை, பொறியும் இல்லை. அவளின் கண்ணும் வாயும்தான் உண்டு.

அந்தக் கண் தறியில் நிற்காத நாளும் இருந்தது. எங்களிடம் அது செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் குழுக்கடன் கட்ட வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். கடன் அறவிட வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஒரு பிள்ளை எழும்பிச் சாயக் கொட்டிலுக்குள் போய் நிற்பாள். அந்த நாளின் துணியை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். 2016இல் நுண்நிதிக்கென்று ஒரு சட்டம் வந்தது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடனில் அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. எங்களில் சிலருக்கு அதில் மூச்சு வந்தது, சிலருக்கு வரவில்லை. நான் செய்தது சின்ன வேலை: சம்பளத்தைச் சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்கு மாற்றினேன். வட்டியில்லாத முற்பணமும் கொடுக்கிறேன், ஆனால் இரண்டு கிழமைக் கூலிக்கு மேல் கொடுப்பதில்லை. கூடக் கேட்டு அழுதிருக்கிறார்கள். அதற்கு மேல் கொடுத்தால் அவள் விரும்பினாலும் என்னை விட்டுப் போக முடியாது. போக முடியாதவளிடம் நல்ல துணியை எதிர்பார்க்கக்கூடாது.

லீவு விடயத்திலும் எனக்குப் புத்தி வரக் காலம் எடுத்தது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, வெட்டுக் காலம் வந்தால் படுவான்கரையில் வெள்ளாமை வெட்டு. இரண்டுக்கும் வரமாட்டார்கள். வேலையில் பற்றில்லை என்று ஏசியிருக்கிறேன். வருடா வருடம் வருகிற சடங்கைத் தெரிந்துகொண்டே அந்த மாதத்துக்கு ஓடரை எடுத்தது நான்தானே. இப்போது பங்குனியில் நெய்து அடுக்கிவிடுகிறோம்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது நூலும் சாயமும் எட்டாத விலைக்குப் போனது. நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாதபோதும் கைத்தறி ஓடும், ஆனால் நூல் இல்லாமல் ஓடாது. கணக்குக் கொப்பியைக் கொட்டில் நடுவில் விரித்து வைத்தேன். நூல் இவ்வளவு, கையில் காசு இவ்வளவு, கிடக்கிற ஓடர் இவ்வளவு. நாலு தறிக்குத்தான் நூல். ஏழு பேரும் நாலு தறியில் மாறி மாறி இருப்பது என்று அவர்களே பேசி முடித்தார்கள். அந்த வருடம் ஒருத்தியும் போகவில்லை.

ஊழியர் சேமலாப நிதியில் எல்லாரையும் பதிந்தது அதற்குப் பிறகுதான். துண்டுக் கூலிக்காரருக்கும் அது உண்டு, 1958ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களின் பங்கு நூற்றுக்கு 8, என்னுடையது 12, அதற்கு மேல் நம்பிக்கை நிதியத்துக்கு 3. இவ்வளவு காலம் கட்டாமல் இருந்தது என் பிழை. தெரியாது என்று சொல்லமாட்டேன், தெரிந்திருந்தது.

போன மாதம் படுவான்கரையிலிருந்து புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். முதல் கிழமை சீட்டில் ஒரு கோடும் இல்லை. இரண்டாம் கிழமையும் இல்லை, துணியில்தான் இரண்டு கோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவ மட்டும் தன் சீட்டைக் கழற்றிக்கொண்டுபோய் அவளிடம் காட்டினா: “எனக்கு ஒன்பது, பாத்தியா புள்ள.” மூன்றாம் கிழமை திங்கட்கிழமை கூலி போட உட்கார்ந்தபோது அவளின் சீட்டை எடுத்தேன். பதினொரு கோடு. பென்சிலை அழுத்திப் போட்டதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பதினொன்றுக்கும் எண்ணிக் கொடுத்தேன்.