டீசல் ஃபில்டரை முதலில் பார்த்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

கொல்லிமலை அடிவாரத்தில் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் உங்களுக்கு இந்த மடல். பெயரைப் போடவில்லை, போட்டால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் நாலு பேர் அறியச் சொல்ல வேண்டிய நன்றி என்பதால் இப்படித் திறந்தே எழுதுகிறேன்.

எங்கள் குவாலிஸ் உங்களுக்கு நினைவிருக்கும். மலைப் பள்ளிகளில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சிலர் பணம் போட்டு வாங்கி ஓட்டும் வண்டி. 2000-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து 2005-இல் நின்றுபோன மாடல். 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், டர்போ கிடையாது, 75 குதிரைத்திறன். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த வண்டி. எங்கள் கைக்கு வரும்போதே மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. காரவள்ளியில் ஆரம்பிக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எங்கள் எல்லோரையும் சுமந்து ஏறுவது அதற்குச் சின்ன வேலை இல்லை.

அந்த வண்டி மலையில் இழுக்க மறுத்தது. சமவெளியில் ஒரு குறையும் தெரியாது. நிறுத்தி வைத்தால் ஐடிலிங் சீராக ஓடும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் விக்கி விக்கி வேகம் இறங்கும். வளைவில் பின்னால் பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்க, வண்டிக்குள் இருக்கும் டீச்சர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பேனட்டைத் திறந்து பார்த்ததோடு சரி, “பம்ப் போச்சு, இறக்கணும்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியையே விற்றுவிடலாமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது.

நீங்கள் பேனட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்ட கேள்வியை நான் மறக்க மாட்டேன். “ஏற்றத்துல மிதிக்கறப்போ பொகை கருப்பா வருதுங்களா தம்பி?” இல்லை என்றேன். “அப்போ டீசல் பத்தலைங்க. பம்ப்பத் தொட வேண்டாம், டேங்க்ல இருந்து பாத்துட்டு வருவோம்.” ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றுப் போதாமல் கரும்புகை தள்ளும். நாசில் கெட்டிருந்தாலும் புகை காட்டிக் கொடுக்கும். டீசல் குறைந்தால் புகைக்கு வழியில்லை, இழுவை மட்டும் போகும். ஐடிலிங்கில் எஞ்சின் கேட்பது சொட்டுச் சொட்டாகத்தான், அடைபட்ட ஃபில்டர் வழியாகவும் அது வந்துவிடும். ஏற்றத்தில் கேட்கும் அளவு வராது. இவ்வளவையும் அந்த ஒரு கேள்வியில் வைத்திருந்தீர்கள்.

பிறகு ஹேண்ட் பிரைமரின் குமிழை அழுத்திவிட்டுக் கையை எடுத்தீர்கள். அது எழும்பி வந்தது. “டேங்க்ல இருந்து வர்ற லைன்ல அடைப்பிருந்தா இது அமுங்குனபடியே கெடக்கும்” என்று, ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு உங்களிடம் வேலை பழகும் தம்பிக்குச் சொன்னீர்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன்.

பழைய ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே இருந்ததை வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலில் வடித்து வெயிலில் வைத்தீர்களே, அதைத்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. கொஞ்ச நேரத்தில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, டீசல் சுமார் 830 கிராம்தான், அதனால் தண்ணீர் கீழே போய்விடும். பாதி டேங்க்கோடு இரவு முழுக்க மலைக்குளிரில் நிற்கும் வண்டியில், டேங்க்குக்குள் இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்துத் தண்ணீராக இறங்குகிறது. பாட்டிலில் பிரிந்த தண்ணீரின் மேலே கரும்பழுப்பு நிறத்தில் வழவழப்பாக ஏதோ மிதந்தது. ஃபில்டரின் தகரத்தை ஆக்ஸா பிளேடால் அறுத்து மடிப்புக் காகிதத்தை விரித்தீர்கள். மடிப்புக்கு மடிப்பு அதே வழவழப்பு, விரலில் ஒட்டியது. காகிதத்தின் நிறமே தெரியவில்லை. டேங்க்கின் துரு, தூசி, தண்ணீர் எல்லாவற்றையும் அந்தக் காகிதம் வருடக்கணக்காகத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பம்ப் பிழைத்ததே அதனால்தான்.

இந்த வகை ரோட்டரி பம்ப்புக்குத் தனி ஆயில் கிடையாது, ஓடும் டீசலே அதற்கு உயவு என்பதும் உங்கள் வாயால் கேட்டதுதான். உள்ளே பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். தண்ணீரோ துருத்தூளோ அந்த இடத்துக்குள் போனால் பிறகு பம்ப் இறக்குவதைத் தவிர வழியில்லை. சில நூறு ரூபாய் ஃபில்டர் பல ஆயிரம் ரூபாய்ப் பம்ப்பைக் காப்பாற்றுகிறது. இது தெரிந்தும் விலை அதிகமான முனையிலிருந்து ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மலிவான முனையிலிருந்து ஆரம்பித்தீர்கள். என் நன்றியில் பாதி அதற்கு.

மீதிப் பாதி நீங்கள் வேலை செய்த விதத்துக்கு. புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பிவிட்டால் சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்று அந்தத் தம்பி கேனை எடுத்தான். கையைப் பிடித்துத் தடுத்தீர்கள். டீசல் ஓரத்துச் சிறு துளைகள் வழியாக உள்ளே போய், காகிதத்தில் வடிந்து, நடுத்துளை வழியாகப் பம்ப்புக்குப் போகிறது. நடுவில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்ப்பில் இறங்கும். பழைய ஃபில்டரின் அடியிலிருந்த தண்ணீர் சென்சாரைத் துடைத்துப் புது ஓரிங் போட்டுப் புதியதில் மாட்டினீர்கள். கேஸ்கெட்டில் விரலால் டீசல் தடவி, அது மேலே பொருந்தும் பரப்பைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையாலேயே. அந்தத் தம்பியையே பிரைமரை அழுத்த விட்டீர்கள். குமிழ் இறுகியதும் செல்ஃப் எடுத்தது, கொஞ்சம் இருமிவிட்டு எஞ்சின் ஓடியது.

வேறு யாராக இருந்தாலும் அங்கேயே பில் போட்டிருப்பார்கள். நீங்கள் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற டியூப் ஒன்றை மாட்டிக் குனிந்து பார்த்தீர்கள். மெல்லிய குமிழிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாது என்றீர்கள். பம்ப் டேங்க்கிலிருந்து உறிஞ்சுகிறது, ஆகவே விரிசல் இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஃபில்டருக்கு வரும் ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில் காய்ந்து வெடித்திருந்தது. பழைய வண்டியில் ஃபில்டரைக் கழற்றும்போது அசைபடும் ஹோஸ் எல்லாம் இப்படித்தான், தொட்டால் விட்டுவிடும் என்று சொல்லி இரண்டு பக்கமும் புது ஹோஸ், புது கிளிப் போட்டீர்கள். குமிழி நின்றது. அதன் பிறகுதான் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தீர்கள்.

அன்று பட்டறையில் நின்ற புதிய காமன் ரெயில் வண்டி ஒன்றைக் காட்டி அந்தத் தம்பியை எச்சரித்ததையும் இங்கே எழுதியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது அதன் ரெயில் லைனில் அழுத்தம் 1,000 பாருக்கும் மேல் போகக்கூடும். பழைய வண்டிப் பழக்கத்தில் ஏர் எடுக்க நட்டைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரும். வேலை கற்கும் பிள்ளைக்கு அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தீர்கள். வகுப்பில் நிற்கிறவன் என்பதால் சொல்கிறேன், அது நல்ல பாடம் நடத்தும் முறை.

நீங்கள் வாங்கிய பணம் நாங்கள் பயந்த தொகையில் சிறு பகுதிகூட இல்லை. பழைய ஃபில்டரையும் வெடித்த ஹோஸையும் பையில் போட்டு எங்களிடமே கொடுத்தீர்கள். அந்த ஃபில்டர் இப்போது எங்கள் பள்ளி அறிவியல் அறையில் இருக்கிறது. வடிகட்டுதல் பாடத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை விரித்துப் பார்க்கிறார்கள், தொட்டு முகர்ந்தும் பார்க்கிறார்கள்.

வண்டி இப்போது இரண்டாவது கியரில் எழுபதாவது வளைவு வரை திணறாமல் ஏறுகிறது. கூட வரும் டீச்சர்கள் எல்லோரும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

டேங்க் அடியில் இன்னும் கசடு இருக்கும், ஒரு நாள் இறக்கிக் கழுவாவிட்டால் புது ஃபில்டரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தீர்கள். காலாண்டு விடுமுறையில் வண்டிக்கு வேலை இல்லை. டேங்க்கில் டீசலைக் குறைத்துக்கொண்டு காலையிலேயே வந்துவிடுகிறோம். எந்த நாள் உங்களுக்குத் தோதுப்படும் என்று சொல்லியனுப்புங்கள். கூடவே இன்னொரு ஃபில்டரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
மலைப்பள்ளி ஆசிரியன் ஒருவன்