மூன்று முக்கோணங்கள்

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 12,380 கிலோமீட்டர். விமானங்களுக்கு வழியும் எரிபொருளும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் டிஸ்பேட்சர் வேலை என்னுடையது. இத்தனை வருடத்தில் அந்தத் தூரத்தை அப்படியே பறக்கும்படி ஒரு திட்டம்கூட நான் போட்டதில்லை.

உலக உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது திபெத், சைபீரியா, அலாஸ்கா என்று போகும். திபெத்துக்கு மேலே கேபின் அழுத்தம் போய்விட்டால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் ஆக்ஸிஜன் முகமூடி பல விமானங்களில் கால் மணி நேரம்தான் வரும். கீழே தரையே 14,000 அடியில் இருக்கிறது. எங்கே இறங்குவது? அதனால் நூலை வளைக்கிறோம்.

வளைத்ததில் லாபமும் கிடைத்திருக்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே பயணத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது. 13,900 கிலோமீட்டர் பாதை 15,300 ஆனது. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்து பதினான்கரை மணி நேரத்துக்கு வந்தது. எங்கள் தொழிலில் இதைவிட அழகான கணக்கு எனக்குத் தெரியாது.

செய்தது ஜெட் ஸ்ட்ரீம் என்கிற உயர்வானக் காற்றாறு. காற்று வரைபடத்தில் அம்பின் வாலில் ஒரு முழுக்கோடு என்றால் 10 நாட், அரைக்கோடு 5, கறுப்பு முக்கோணம் 50. ஜனவரி இரவுகளில் ஜப்பானை ஒட்டி மூன்று முக்கோணங்கள் அடுத்தடுத்து நிற்கும்: 150 நாட், அதாவது மணிக்கு 278 கிலோமீட்டர், மேற்கிலிருந்து கிழக்கே. காற்றுக்குள் 900-இல் போகிற விமானம் தரைக்கு மேலே 1,170-ஐத் தாண்டும். எதிர்த்திசையில் வருகிற விமானத்தை அந்த ஆற்றுக்குள் நான் விடவே மாட்டேன்; சுற்றுவழியானாலும் ஒதுக்கித்தான் கொண்டுவருவேன்.

கூடுதலாக எரிபொருள் போட்டால் பிரச்சினை தீராதா என்பார்கள். பதினைந்து மணி நேரப் பயணத்தில் பத்து டன் அதிகம் ஏற்றினால், அதைச் சுமப்பதிலேயே நான்கு டன் எரிந்துபோகும். ஒரு டன் என்பது பெட்டியோடு பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரை இறக்கிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆறு மணிக்கொருமுறை புதிய காற்றுக் கணிப்பு வரும். ஒரு குளிர்கால இரவு, அது வருவதற்குள் திட்டத்தை முடித்து அனுப்பிவிட்டேன். ஜெட் ஸ்ட்ரீம் தெற்கே நகர்ந்திருந்தது. விமானம் என் கணக்கைவிட 31 நிமிடம் அதிகம் பறந்தது. எதிர்பாராததற்கென்று வைத்திருந்த எரிபொருளில் பெரும்பகுதி கரைந்திருந்தது. இறங்கியதும் கேப்டன் போன் செய்தார். கோபப்படவில்லை. "எந்த நேரத்துக் காற்று சார் இது?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் வரைபடம் வந்ததும் அதன் ஓரத்தில் அச்சாகியிருக்கும் நேரத்தைத்தான் முதலில் படிக்கிறேன். முக்கோணங்களை அப்புறம் எண்ணுகிறேன்.