கை பட்ட இடம்

வயர் உரிக்கத் தெரியுமா என்று கேட்டால், வேலைக்கு வருகிற எல்லாத் தம்பிகளும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். 1986-இல் நானும் அப்படித்தான் சொன்னேன். பத்தாவது முடித்துவிட்டு பாளையங்கோட்டையில் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சியிடம் சேர்ந்த முதல் நாள் அது. ஒரு முழம் மூணு இருபது வயரைக் கையில் கொடுத்தார். பிளேடை வைத்துச் சுற்றி ஒரு வெட்டு வெட்டி, தோலை உருவி நீட்டினேன். அவர் வாங்கி, செம்பு முனையைக் கட்டைவிரலால் இப்படி இரண்டு தடவை அப்படி இரண்டு தடவை மடக்கினார். மூன்று இழையில் ஓர் இழை ஒடிந்து தரையில் விழுந்தது.

"தோலை வெட்டச் சொன்னா செம்பையும் சேத்துல்லா வெட்டிருக்க. இப்ப இது மூணு இருபதால, ரெண்டு இருபதால?"

மூணு இருபது என்றால் 20-ஆம் கேஜ் இழை மூன்று. ஏறக்குறைய 2 சதுர மில்லிமீட்டர் செம்பு. அதில் ஓர் இழை போனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வீட்டுக்காரர் மூன்றுக்குக் காசு கொடுத்திருப்பார், சுவிட்சுக்குப் போய்ச் சேர்வது இரண்டுதான். கத்தி பட்ட கீறல் உடனே ஒடியாமலும் இருக்கலாம். அது இன்னும் மோசம். போர்டைத் திருகி மூடும்போது மடங்கி, உள்ளே ஒடிந்து, யாருக்கும் தெரியாமல் கிடக்கும்.

அதன் பிறகு ஒரு மாதம் எனக்கு வேறு வேலை இல்லை. துண்டு வயர்களை உரித்துக்கொண்டே இருந்தேன். கத்தியை நேராக நிறுத்தி வெட்டக் கூடாது, பென்சில் சீவுகிற மாதிரி படுக்க வைத்துச் சீவ வேண்டும். தோலின் கடைசிப் பொருக்கு வரை கத்தி போகும், செம்பைத் தொடாது. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். இன்று வயர் ஸ்டிரிப்பர் வந்துவிட்டது, நானும் வைத்திருக்கிறேன். ஒன்றரை ஸ்கொயர், அதாவது ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரை ஒரு ஸ்கொயர் பல்லில் வைத்து அமுக்கினால் ஸ்டிரிப்பரும் செம்பைக் கடிக்கத்தான் செய்யும்.

நாற்பது வருடத்தில் நான் பார்த்த வரைக்கும், பைப்புக்குள் ஒழுங்காகக் கிடக்கிற வயர் நடுவில் கெடுவது அபூர்வம். எலி கடித்திருக்கும், இல்லை யாராவது படம் மாட்ட ஆணி அடித்திருப்பார்கள். மற்றபடி கெட்ட வயர் எல்லாமே முனையில் கெட்டதுதான். சுவிட்சில், சாக்கெட்டில், ஜங்ஷன் பாக்ஸில், எம்.சி.பி.யின் திருகில், அதாவது நம் கை பட்ட இடத்தில். நல்ல கம்பெனி வயர் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நான் சேர்ந்தபோது அளவெல்லாம் கேஜ் கணக்கு. லைட்டுக்கு ஒண்ணு பதினெட்டு அல்லது மூணு இருபத்திரண்டு, பவருக்கு மூணு இருபது, மெயினுக்கு ஏழு இருபது. இப்போது ஒரு ஸ்கொயர், ஒன்றரை, ரெண்டரை, நாலு, ஆறு என்று வந்துவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் கடையில் போய் "ஏழு இருபது ஒரு காயில்" என்று கேட்பதுண்டு. கடைக்காரர் நாலு ஸ்கொயரை எடுத்துக் கொடுப்பார். ஏழு இருபது கணக்குப்படி 4.6 சதுர மில்லிமீட்டர் வரும். நாலு கொஞ்சம் குறைவு, ஆறு அதிகம். அந்த இடத்தில் ஆறை எடுப்பதே என் பழக்கம்.

பழைய வீடுகளில் வேலை செய்யாதவர்களுக்கு ரப்பர் வயர் தெரியாது. தேக்கு ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன் மேல் டி.ஆர்.எஸ். என்கிற அந்த ரப்பர் வயரை வரிசையாக ஓட்டி, லிங்க் கிளிப்பால் மடக்கியிருப்பார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஒரு வீட்டில் வெள்ளையடிப்பதற்காக அந்த வயரைக் கொஞ்சம் நகர்த்தினேன். மேல் தோல் முறுக்கு நொறுங்குகிற மாதிரி கையோடு உதிர்ந்தது, உள்ளே வெள்ளைக் கம்பி. அலுமினியம் என்று நினைத்தேன். அண்ணாச்சி கத்தியால் சுரண்டிக் காட்டினார், அடியில் சிவப்பு. ரப்பரைப் பக்குவப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், கந்தகம் செம்பைத் தின்னும், அதனால் செம்புக்கு வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள் என்றார். காய்ந்த ரப்பர் வயரை அசைக்காமல் விட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஒரு தடவை அசைத்துவிட்டால் முழுவதையும் மாற்றியே ஆக வேண்டும். இரண்டு போர்டுக்கு நடுவில் மட்டும் புது வயர் ஒட்டுப் போடலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்து அலுமினியம். செம்புக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் கட்டின வீடுகளில் அலுமினிய வயர்தான் போட்டார்கள். 1/1.40, 1/1.80, 1/2.24 என்று மில்லிமீட்டர் விட்டக் கணக்கில் ஒற்றைக் கம்பி. போஸ்டிலிருந்து வருகிற பெரிய கேபிளில் இன்றைக்கும் அலுமினியம்தான், அதில் ஒரு தப்பும் இல்லை. லக் அடித்து, போல்ட் போட்டு முடுக்குகிற இடத்தில் அது நன்றாக உழைக்கும். சின்னத் திருகுக்கு அடியில்தான் தொல்லை. மெத்தென்ற உலோகம் என்பதால் திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நழுவும். சுரண்டின கொஞ்ச நேரத்திலேயே மேலே ஒரு படலம் பிடிக்கும், அந்தப் படலம் கரண்டை விடாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மகாராஜநகரில் ஒரு டீச்சர் வீடு, 1993. பிரிட்ஜுக்கு ஒரு பாயிண்ட் கேட்டார்கள். பக்கத்துப் போர்டில் இருந்த 1/1.80 அலுமினியத்தோடு புது ரெண்டரை செம்பைச் சேர்த்து நன்றாக முறுக்கி, டேப் சுற்றி, உள்ளே தள்ளி மூடிவிட்டேன். அரை மணி நேர வேலை. எட்டு மாதம் கழித்து டீச்சர் ஆள் அனுப்பினார்.

"தம்பி, நாங்க சைவம். ஆனா வீட்டுல ரெண்டு நாளா மீன் வாடை அடிக்கு. பிரிட்ஜும் ஓடலை."

டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரிந்தது. நியூட்ரல் விட்டுப்போயிருந்தது. போர்டைத் திறந்தேன். டேப் உருகி வழிந்திருந்தது. அலுமினியம் வெள்ளைப் பொடியாகிக் கிடந்தது, என் செம்பு கன்னங்கரேல் என்று இருந்தது. சாக்கெட்டின் பின்பக்கம் வெந்திருந்தது. அந்த வாடை அதிலிருந்துதான் வந்திருக்கிறது. அன்றிலிருந்து, மீன் வாடை என்று யாராவது சொன்னால் முதலில் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

அண்ணாச்சி வந்து பார்த்தார், திட்டவில்லை. "மெயின் போர்டுல இருந்து புதுசா செம்பு இழு. காசு கேக்காத" என்று மட்டும் சொன்னார். வயர் காசு என் சம்பளத்தில் போயிற்று. அலுமினியத்தோடு செம்பை நேராக முறுக்கக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். காதில் வாங்கியிருந்தேன், கையில் வாங்கவில்லை.

எந்த இடத்துக்கு எந்த அளவு என்பதற்கு அட்டவணைகள் உண்டு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லைட், பேனுக்கு ஒன்றரை. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கும் கீசருக்கும் ரெண்டரை. ஏ.சி.க்கு நாலு போட்டால் மனசு நிம்மதி. லைட் சர்க்யூட் ஒன்றில் பத்துப் பாயிண்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆனால் அட்டவணையை மட்டும் பார்த்தால் தூரம் மறந்துபோகும். வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒரு போர், 1 எச்.பி. மோட்டார். ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவில் எடுக்கும், ஒன்றரை ஸ்கொயர் போதும் என்று முன்பு யாரோ போட்டிருந்தார்கள். காலையில் ஓடும், சாயந்தரம் உறுமிக்கொண்டே நிற்கும். மோட்டாரை இரண்டு தடவை காயில் கட்டியாயிற்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை ஸ்கொயர் செம்புக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர 80 மீட்டர், கிட்டத்தட்ட 1 ஓம். மோட்டார் கிளம்பும்போது ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கும், 35 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் வயரிலேயே 34 வோல்ட் காலி. சாயந்தரம் வீட்டுக்கு வருவதே 200 வோல்ட் என்றால் மோட்டாருக்கு 166-தான் மிச்சம். எப்படிக் கிளம்பும்? நாலு ஸ்கொயராக மாற்றினேன். இழப்பு 13 வோல்டாக இறங்கியது. அந்த மோட்டாருக்கு அதன் பிறகு காயில் கட்டவில்லை.

வாங்குகிற இடத்திலும் கை வேண்டும். 90 மீட்டர் ரெண்டரை ஸ்கொயர் காயிலில் செம்பு மட்டும் 2 கிலோ இருக்க வேண்டும். ஒன்றரையில் 1 கிலோ 200 கிராம். இது செம்பின் எடையை வைத்துப் போடுகிற சாதாரணக் கணக்கு. தோலோடு சேர்த்து நிறுத்தே ரெண்டரை காயில் 2 கிலோ வரவில்லை என்றால் மேலே என்ன அச்சடித்திருந்தாலும் அது ரெண்டரை இல்லை. தோலைத் தடியாக ஊற்றி எடை காட்டுகிறவர்களும் உண்டு. அதனால் ஒரு மீட்டரை வெட்டி, தோலை உரித்துவிட்டு செம்பை மட்டும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்ப்பேன், 22 கிராம் வர வேண்டும். முனையைக் கத்தியால் சுரண்டவும் வேண்டும். உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு முலாம், காயிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐ.எஸ். 694 முத்திரையைப் பாருங்கள், பார்த்த பிறகு இதையும் செய்யுங்கள்.

எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்., ஹாலோஜன் இல்லாத வகை என்று இப்போது தோலிலேயே பல ஜாதி. எஃப்.ஆர். தீயைப் பரவ விடாது, எல்.எஸ். என்றால் புகையும் குறைவு. பி.வி.சி. எரிந்தால் வருகிற புகையில் அமிலம் உண்டு. தனி வீட்டுக்கு எஃப்.ஆர். போதும். மாடிப்படி ஒன்றே வழியாக இருக்கிற அடுக்குமாடிக்கும், ஆஸ்பத்திரிக்கும், பள்ளிக்கூடத்துக்கும் ஹாலோஜன் இல்லாததைப் போடச் சொல்லி நான் சண்டையே போடுவேன். சாதாரண பி.வி.சி. 70 டிகிரிக்குத்தான் கணக்கு என்பதை மறக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கான்கிரீட்டுக்குள் கிடக்கிற பைப்பில், அந்த 70-இல் பாதிக்கு மேல் வெயிலே எடுத்துக்கொண்டுவிடும். ஒரே பைப்பில் வயரைத் திணிக்காதே என்று சொல்வது இதற்காகத்தான்.

இழுப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. பெண்டுக்கு அந்தப் பக்கம் இழுக்கிறவன் பலசாலியாக இருந்து பயனில்லை, இந்தப் பக்கம் ஊட்டுகிறவன் விவரமானவனாக இருக்க வேண்டும். காயிலைச் சுழற்றிப் பிரிக்க வேண்டும், சுருள் சுருளாக உருவினால் முறுக்கு விழும். சாக்பீஸ் பொடி தடவலாம், எண்ணெய் தொடக் கூடாது. "இழுக்காதல, வழி விடு, அதுவா வரும்" என்பார் அண்ணாச்சி. அவர் ஊட்டினால் வயர் உரசுகிற சத்தம்கூடக் கேட்காது.

மெல்லிய இழை வயர் வந்த பிறகு இழுப்பது சுலபமாயிற்று, முனை கஷ்டமாயிற்று. திருகு நேராக இறங்கினால் இழைகள் இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும், நடுவில் நாலைந்துதான் பிடிபடும். முனையை முறுக்கி இரண்டாக மடித்து நுழையுங்கள். பெரிய அளவு என்றால் பின் லக் போட்டுக் கிரிம்ப் பண்ணுங்கள். திருகின பிறகு ஒவ்வொரு வயரையும் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஈயம் வைத்து முனையை இறுக்கி அதைத் திருகுக்கு அடியில் வைக்காதீர்கள், ஈயமும் அலுமினியம் மாதிரியே நழுவும்.

நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. மிச்சம் இருக்கிறது என்பதற்காகச் சிவப்பை நியூட்ரலுக்கு ஓட்டாதீர்கள். பத்து வருடம் கழித்து அந்தப் போர்டைத் திறக்கிறவன் வேறொரு அம்மாவின் பிள்ளை. பச்சை வயரை லைட் பாயிண்ட் வரைக்கும் கொண்டுபோங்கள். செலவைக் குறைக்கச் சொல்கிற வீட்டுக்காரர்கள் முதலில் கை வைப்பது அதில்தான், அங்கே மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அண்ணாச்சிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. போன மாதம் போய்ப் பார்த்தேன். என் பையிலிருந்த துண்டு வயரைத் தானாகவே எடுத்து, தோலை விரலால் தடவி, "ரெண்டரை, நல்ல செம்பு" என்றார். சரியாகவே சொன்னார்.

என்னிடம் வேலை பழக விரும்பும் தம்பிகள் வரலாம். முதல் மாதம் வயர் உரிக்கிற வேலை மட்டும்தான். சம்பளம் உண்டு.