வீட்டுக்கு முன்னே பள்ளிக்கூடம்: கண்டியில் ஒரு காலைப் பயணம்

கண்டி நகருக்குள் நுழைய மூன்று வாசல்கள் உண்டு. கொழும்பிலிருந்து வருபவர்கள் பேராதனையைத் தாண்டி கெட்டம்பே வழியாக வருவார்கள். வவுனியா, மாத்தளைப் பக்கமிருந்து வருபவர்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மஹியாவ வழியாக இறங்குவார்கள். தெல்தெனிய, மஹியங்கனைப் பக்கத்தாருக்குத் தென்னகும்புரப் பாலம். மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைந்தோடுகிறது. தெற்கே ஹந்தானை மலை நிற்கிறது. பகைவர் எளிதில் உட்புக முடியாத இடம் என்பதால் அன்று மன்னர்களுக்கு இது பிடித்திருந்தது. இன்று அதே ஆறும் மலையும் காலை வேளையில் பாடசாலைப் பிள்ளைகளை வழிமறித்து நிற்கின்றன.

என்னுடைய வேலை காரணமாகச் சில மாதங்கள் திகனயில் தங்கியிருந்தேன். அங்கிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ்ஸில் ஆறு மணிக்கே இருக்கை கிடைக்காது. வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். சிலர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து அங்கேயே காலை உணவை முடிப்பார்கள். குண்டசாலையில் இன்னும் ஒரு கூட்டம் ஏறும். தென்னகும்புரவை நெருங்கும்போது பஸ், வான், முச்சக்கர வண்டி எல்லாம் ஒரே வரிசையில் நின்றுவிடும். இந்தப் பிள்ளைகளின் தாய்மார் எத்தனை மணிக்கு எழும்பியிருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமையல், சீருடை, தண்ணீர்ப் போத்தல் என்று ஓடும் காலை எப்படியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வீதியோரத்து ஊர்களுக்கு ஒரு கதை உண்டு. விக்டோரியா நீர்த்தேக்கம் 1985இல் திறந்துவைக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் மூழ்கியது. நீர் வற்றும் காலங்களில் அதன் இடிபாடுகள் இன்றும் வெளியே தெரியும். அங்கிருந்தவர்கள் உயரமான இடங்களில் குடியேற்றப்பட்டார்கள். புதிய நகரங்கள் உருவாகின. போரினால் இடம்பெயர்ந்த நாம் அபிவிருத்தியினால் இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஊரை விட்டு எழும்பும் வேதனை இருவருக்கும் பொதுவானது. பின்னர் கண்டி நகரில் நிலத்தின் விலை ஏற ஏற, நடுத்தரக் குடும்பங்களும் குண்டசாலை, பல்லேகலை, திகன என்று கிழக்கு நோக்கி வந்தன. வீடுகள் கிழக்கே வளர்ந்தன. பெயர் பெற்ற பாடசாலைகளோ ஏரியைச் சுற்றிய பழைய நகரத்திலேயே நின்றன.

இது ஏன் என்று அறிய நகருக்குள் சற்று நடந்து பார்க்க வேண்டும். திரித்துவக் கல்லூரி 1872இல் தொடங்கியது. பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879, தர்மராஜா கல்லூரி 1887, ஹில்வூட் 1890, மகாமாயா 1932. இவற்றுட் பலவற்றை மிஷனரிமாரும் பௌத்த இயக்கத்தினரும் தொடங்கிய காலத்தில் கண்டி ஒரு சிறு பட்டணம். தூரத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். நாள்தோறும் ஆயிரக்கணக்கான வாகனங்கள் வாசலுக்கு வரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 2012 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர்தான். மாவட்டத்தின் சனத்தொகையோ 13 இலட்சத்துக்கும் அதிகம். அத்தனை ஊர்களின் கண்ணும் இந்தச் சிறிய கிண்ணத்தின் மேல் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் என்பதால் வாகனப் புகையும் எளிதில் வெளியேறுவதில்லை. அதே காற்றைத்தான் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

பாடசாலை என்பது நட்ட இடத்திலேயே நிற்கும் மரம் அல்ல. கிங்ஸ்வூட் கல்லூரி நகருக்குள் தொடங்கி, 1925இல் பேராதனைப் பக்கமுள்ள ரண்டல்ஸ் குன்றுக்கு இடம் மாறியது. புனித அந்தோனியார் கல்லூரியும் 1920களில் கட்டுகஸ்தோட்டையில் ஆற்றங்கரைக்குப் போனது. 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்தபோது செய்ததும் இதுவே. இலவசக் கல்வி வந்தது 1945இல். அந்தக் காலத்திலேயே நல்ல ஆய்வுகூடமும் விடுதியும் கொண்ட மத்திய கல்லூரிகள் பெரிய நகரங்களுக்கு வெளியே தேர்தல் தொகுதிகள் தோறும் அமைக்கப்பட்டன. பிள்ளையை நகருக்கு இழுக்காமல், பாடசாலையைப் பிள்ளையிடம் கொண்டுபோகும் யோசனை நம் நாட்டிலேயே பிறந்த ஒன்று.

அது ஏன் தொடர்ந்து நடப்பதில்லை? என்னுடைய சமூகவியல் படிப்பும் கள அனுபவமும் எனக்குக் காட்டிய காரணம் இது. வீட்டையும் பாடசாலையையும் தீர்மானிப்பவர்கள் வெவ்வேறு மேசைகளில் அமர்ந்திருக்கிறார்கள். நகரத் திட்டம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கிறது. கட்டட அனுமதி மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ இருக்கிறது. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும், 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின் பின் ஏனைய அரச பாடசாலைகள் மாகாண சபையின் கீழும் உள்ளன. ஒரு பிரதேச சபை 200 வீடுகளுக்கு அனுமதி கொடுத்தால், ஐந்து வருடங்களில் அங்கிருந்து எத்தனை பிள்ளைகள் முதலாம் தரத்துக்கு வருவார்கள் என்று வலயக் கல்விப் பணிமனையோடு இருந்து கணக்குப் பார்க்கும் கட்டாய நடைமுறை வேண்டும். அது இல்லாதபோது அந்தக் கணக்கைத் தாய்தான் பார்க்கிறாள், பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி.

2014இல் உலக வங்கியின் கடனுதவியுடன் மூலோபாய நகர அபிவிருத்தித் திட்டம் கண்டியிலும் காலியிலும் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் விரிந்தது. வீதிகள், வடிகால்கள், பொது இடங்கள் இத்திட்டத்துக்குள் வந்தன. இவை தேவையானவை. ஆயினும் வீதியை மட்டும் அகலமாக்கினால் இன்னும் கூடிய வான்கள் வரும். தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு 2005இல் தொடங்கிய ‘சிசு செரிய’ பாடசாலை பஸ் சேவை மானியக் கட்டணத்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறது. ஏழைத் தாய்மாருக்கு அது பெரிய கை கொடுப்பு. ஆனாலும் பஸ் தூரத்தை எளிதாக்குமே தவிர இல்லாமல் செய்யாது.

முதலாம் தர அனுமதி முறையைப் பாருங்கள். பல வருடங்களாக வெளிவந்த சுற்றறிக்கைகளின்படி, ஒரு பாடசாலையின் இடங்களிற் பெரும் பங்கு அயலில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கே. கேட்பதற்கு நியாயமானது. ஆனால் அயலில் வசிப்பதை நிரூபிக்க முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பும் காணி உறுதி போன்ற கடதாசிகளும் பார்க்கப்படுகின்றன. வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் பொருத்தமான வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். காணி உறுதி உள்ளவருக்கு இது வெறும் படிவம். லயன் அறையிலும் வாடகை அறையிலும் இருப்பவருக்கோ பெரிய மதில்.

குண்டசாலைப் பக்கத்தில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். அவருடைய பெற்றோர் மலையகத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போனார்கள். இவர் அங்கே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்து, 2009இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, கடைசியில் உறவினரை நம்பிக் கண்டிக்கு வந்தவர். மகனைச் சேர்க்கப் போனபோது ஐந்து வருடப் பதிவு இல்லை, உறுதியும் இல்லை. தமிழ்மொழிமூலம் படிக்க மகன் இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறான்.

“அவன் பஸ்ஸிலதான் வளர்றான், தங்கச்சி” என்றார் அவர். “வாடகை குறைஞ்ச இடமாப் பாத்து வந்தன். பள்ளிக்கூடத்தைப் பாக்கேல்ல. பாத்திருந்தாலும் வாடகை குடுக்க ஏலாது.”

அவர் சொன்ன கடைசி வார்த்தை முக்கியமானது. இது தாயின் கவனக்குறைவால் வரும் சிக்கல் அல்ல. நல்ல பாடசாலைக்கு அருகில் வாடகை கூடுகிறது. வாடகை குறைந்த இடத்தில் வகுப்புகள் குறைகின்றன. ஹந்தானைச் சரிவிலும் இதே நிலைமைதான். கண்டி நகரம் காலடியில் தெரியும், ஆனால் தோட்டத்துப் பிள்ளைக்கு உயர்தர வகுப்பு எட்டாத் தூரத்தில் இருக்கும். நம் நாட்டில் 5ஆம் தரத்தோடு, அல்லது 11ஆம் தரத்தோடு முடியும் பாடசாலைகள் நிறைய உண்டு. பெண் பிள்ளை என்றால் அந்த இடத்தில் படிப்பு நின்றுவிடும் ஆபத்து அதிகம். இருட்டில் பஸ்ஸுக்கு அனுப்பப் பயந்து மகளை மறித்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

1929இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெரி என்பவர் ஒரு எளிய விதியை முன்வைத்தார். ஒரு குடியிருப்பின் அளவை அதன் நடுவிலுள்ள ஆரம்பப் பாடசாலைதான் தீர்மானிக்க வேண்டும். எந்தப் பிள்ளையும் பெருந்தெருவைக் கடக்காமல் நடந்துபோகக் கூடியதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் வீடமைப்பு நகரங்களிலும் பாடசாலைக்கான காணி வீடுகளோடு சேர்த்தே ஒதுக்கப்படுகிறது. நம் மலைச் சரிவுக்கு அந்த அளவுகள் அப்படியே பொருந்தாது. ஆனால் வரிசை பொருந்தும். முதலில் பாடசாலை, பிறகு வீடு.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழையால் மலையகம் சரிந்தது. உயிரிழப்பு மிக அதிகமாக இருந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. வீடிழந்தவர்கள் எங்கே போனார்கள்? நாம் 1990இலும் 1995இலும் 2009இலும் போன அதே இடத்துக்குத்தான். பாடசாலைக் கட்டடங்களுக்கு. வகுப்பறையின் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளையைத் தூங்க வைத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆகவே பாடசாலை எங்கே கட்டப்படுகிறது, அந்தச் சரிவு உறுதியானதா என்பதெல்லாம் படிப்போடு மட்டும் நிற்கும் கேள்விகள் அல்ல. ஊரே உயிர் தப்ப ஓடிவரும் இடம் அது. ஆபத்தான சரிவுகளில் இருந்தவர்களுக்கு வேறு காணி தேட வேண்டியிருக்கிறது. காணி நிலைத்து நிற்குமா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லும். அங்கே பிள்ளை எங்கே படிக்கும் என்று யார் பார்ப்பது?

மீள்குடியேற்றத்தில் நாம் இதை அனுபவித்திருக்கிறோம். கூரைத் தகரம் வந்தது, கிணறு வந்தது. பாடசாலைக்குப் பிள்ளைகள் மைல் கணக்கில் நடந்தார்கள். கண்டியில் வாழும் சகோதரிகளும் வடக்குக் கிழக்கில் வாழும் சகோதரிகளும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

எங்கே கேட்பது? முதலாவது இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அங்கே பெற்றோருக்குப் பேச உரிமை உண்டு. சிரமதானத்துக்கு மட்டும் போகாமல், அயலில் எத்தனை புதிய வீடுகள் வருகின்றன, எந்தத் தரத்துக்கு இடம் போதாது என்ற விபரத்தையும் கொண்டு செல்லுங்கள். இரண்டாவது, கிராம உத்தியோகத்தர். ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாலும் வருடந்தோறும் வாக்காளர் இடாப்பில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை காத்திருக்க வேண்டாம். மூன்றாவது, பிரதேச சபை. புதிய குடியிருப்புத் திட்டம் வருகிறது என்றால், பாடசாலைக்குக் காணி ஒதுக்கப்பட்டுள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் உங்கள் கோரிக்கை பற்றி முடிவு சொல்ல வேண்டும். ஐந்து தாய்மார் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவது கடினமான காரியமல்ல.

வீடு தருகிறோம் என்று எவராவது உங்கள் முன் வந்து நின்றால், நன்றி சொல்லுங்கள். கையொப்பம் இடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: “பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேணும்?”